தோன்றா எழுவாய்: ‘இடைநிற்றல்’ என்ற சொல்லைப் படித்தல்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியின் தரமதிப்பீட்டு அறிக்கைக்காகத் துறையின் ஐந்து ஆண்டு மாணவர் விவரங்களைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. சேர்ந்தோர், தேர்ச்சி பெற்றோர், இடைநின்றோர், காரணம் என்று நான்கு பத்திகள். பழைய பதிவேடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தேன். நான் வகுப்பாசிரியராக இருந்த ஆண்டுகளில் ‘காரணம்’ என்ற பத்தி முழுவதும் என் கையெழுத்தில் ஒரே விடைதான் இருந்தது: “சொந்தக் காரணம்.”

அவற்றுள் ஒன்று யாருடையது என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டாம் ஆண்டு இளங்கலைத் தமிழ் மாணவி. இலக்கணத் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எடுத்தவள். அவளுடைய அலைபேசியில் வகுப்புத் தோழன் ஒருவனோடு எடுத்த படம் இருந்ததை அண்ணன் பார்த்துவிட்டான். இரண்டு வாரம் அவள் வரவில்லை. பிறகு அப்பாவும் அண்ணனும் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். “நாங்க ஒண்ணும் சொல்லலைங்க மேடம். அவளே போதும்னுட்டா” என்றார் அப்பா. அவள் தாழ்வாரத்தில் தூண் ஓரமாக நின்றிருந்தாள். நான் வெளியே போய், “நீ என்னம்மா சொல்றே?” என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், “நின்னுக்கறேம்மா” என்றாள்.

நான் உள்ளே வந்து பதிவேட்டில் “சொந்தக் காரணம்” என்று எழுதினேன். படம் பற்றியும் அண்ணனைப் பற்றியும் எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் எழுதினேன்.

இந்தக் கட்டுரை அந்தச் சொற்களைப் பற்றியது. கல்வி ஆய்வில் எண்களைப் பற்றிய விவாதம் நிறைய நடக்கிறது. எண்களைத் தாங்கி நிற்கும் சொற்களைப் பற்றிய விவாதம் தமிழில் குறைவு. நான் கல்வியியல் படித்தவள் அல்ல. தமிழ் இலக்கணம் நடத்துகிறவள். எனக்குத் தெரிந்த கருவியை வைத்துக்கொண்டு அரசாணையிலும் ஆய்வறிக்கையிலும் செய்தித்தாளிலும் அன்றாடம் வரும் ஒரு சொல்லைப் படித்துப் பார்க்கிறேன்.

*

‘இடைநிற்றல்’ ஒரு தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது, பால் காட்டாது, இடம் காட்டாது என்று முதலாண்டில் நடத்துகிறோம். யார் நின்றார்கள், எப்போது நின்றார்கள் என்பதற்கு அந்தச் சொல்லுக்குள் இடமில்லை. ‘இடைநின்றோர்’ என்று மாற்றினால் அது வினையாலணையும் பெயராகிவிடும். இப்போது செய்தவர் தெரிகிறார். செய்தவர் யார்? அந்தப் பெண்தான். நிற்றல் தன்வினை. நின்றவள் அவள், அவளே எழுவாய். ‘நிறுத்து’ என்ற பிறவினை தமிழில் இருக்கிறது, அன்றாடப் பேச்சிலும் இருக்கிறது. “அவ படிப்ப நிறுத்திட்டாங்க” என்று தெருவில் சொல்கிறோம். படிவத்தில் மட்டும் அந்த வினை காணாமல் போகிறது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘டிராப் அவுட்’ என்ற சொல் மரத்திலிருந்து இலை தானாக உதிர்வதுபோல ஒலிக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மிஷெல் ஃபைன் 1991இல் வெளியிட்ட ‘ஃப்ரேமிங் டிராப் அவுட்ஸ்’ என்ற நூல் அந்த ஒலியைத்தான் கேள்விக்குட்படுத்தியது. நியூயார்க் நகரில் கறுப்பின, லத்தீனோ ஏழைப் பிள்ளைகள் பெருமளவில் படித்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் தங்கி அவர் ஆய்வு செய்தார். அங்கே சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடிக்கவில்லை. அதைப் பற்றி யாரும் பேசாதபடி பள்ளி தன்னைப் பார்த்துக்கொண்டது. பிள்ளைகள் போவதும், போவதைப் பற்றிப் பேசாமலிருப்பதும் அந்தப் பள்ளியின் இயல்பான நடைமுறையாகவே இருந்தன என்று அவர் காட்டினார். பின்னாளில் ‘விழுந்தவர்’ என்பதற்குப் பதிலாக ‘வெளியே தள்ளப்பட்டவர்’ என்று சொல்ல வேண்டும் என்ற வாதம் வலுப்பெற்றது. மோனிக் மோரிஸ் 2016இல் எழுதிய நூலுக்குப் பெயரே ‘புஷ்அவுட்’. உடை சரியில்லை, குரல் உயர்ந்துவிட்டது, எதிர்த்துப் பேசினாள் என்று கறுப்பினப் பெண் குழந்தைகள் எப்படித் தண்டனையின் வழியே பள்ளியைவிட்டு வெளியேற்றப்படுகிறார்கள் என்பதை அவர் எழுதினார்.

அமெரிக்கப் பள்ளியும் நம் ஊர்க் கல்லூரியும் ஒன்றல்ல. அங்கே தள்ளும் கை பெரும்பாலும் பள்ளியின் கை. இங்கே வீடு, தெரு, சாதி, கல்லூரி என்று பல கைகள். ஆனால் “வினைக்கு எழுவாய் யார்?” என்ற கேள்வி இரண்டு இடத்திற்கும் பொருந்தும்.

*

நம் நாட்டுப் புள்ளிவிவரங்கள் காரணத்தை எப்படிக் கேட்கின்றன என்று பாருங்கள். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று, 2017–18இல் கல்வியைப் பற்றி எடுக்கப்பட்டது. படிப்பைத் தொடராததற்கான காரணங்களாக அதில் ஒரு பட்டியல் உண்டு. பணமின்மை, படிப்பில் ஆர்வமின்மை, பொருளீட்டும் வேலையில் ஈடுபட்டிருத்தல், வீட்டு வேலையில் ஈடுபட்டிருத்தல், திருமணம் என்று அது நீள்கிறது. ஆண்களிடத்தில் முதலாவதாக வந்த காரணம் பொருளீட்டும் வேலை. பெண்களிடத்தில் வீட்டு வேலை.

பயனுள்ள ஆய்வுதான்; நானும் வகுப்பில் எடுத்துக்காட்டியிருக்கிறேன். ஆனால் பட்டியலின் சொற்களைக் கவனித்தால் எல்லாமே மறுபடி எழுவாய் இல்லாத தொழிற்பெயர்கள். ‘ஈடுபட்டிருத்தல்’ என்கிறது, ஈடுபடுத்தியவர் யார் என்று கேட்கவில்லை. ‘ஆர்வமின்மை’ என்கிறது, ஆறாம் வகுப்பில் இருந்த ஆர்வம் பத்தாம் வகுப்புக்குள் எங்கே போனது என்று கேட்கவில்லை. ‘திருமணம்’ என்கிறது. திருமணம் மழையைப்போலத் தானாகப் பெய்வதில்லை. நாள் பார்த்தவர், சம்மதித்தவர், மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். இன்னொன்று: இத்தகைய ஆய்வுகளில் வீட்டிலுள்ள ஒருவரிடம் கேட்டு எல்லாருடைய விவரத்தையும் பதிவது வழக்கம். பதில் சொல்பவர் நிறுத்தியவராகவே இருக்கலாம். அவர் “ஆர்வமில்லை” என்று சொன்னால் அதுவே எண்ணாகிவிடும். என் மாணவியின் அப்பாவிடம் கணக்கெடுப்பாளர் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

வினைச்சொல் ஒன்று ஆறு செய்திகளைத் தரும் என்பது நன்னூல் வகுத்த இலக்கணம். செய்தவர் யார், எதைக் கொண்டு செய்தார், எங்கே, என்ன செயல், எப்போது, எதைச் செய்தார் என்ற ஆறும் ஒரு வினைக்குள் அடங்கும். (செய்பவரை ஆண்பாலில்தான் சொல்கிறது நன்னூல். இங்கே அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.) பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய அந்த ஆறு கேள்விகளையும் என் பதிவேட்டில் இருந்த ஒரு வரிக்குப் போட்டுப் பார்த்தேன்.

கருவி: ஓர் அலைபேசி, ஒரு படம். இடம்: கல்லூரியில் அல்ல, இரண்டு பேருந்து மாறிப் போகும் ஓர் ஊரில், அவள் வீட்டுக் கூடத்தில். காலம்: மூன்றாம் பருவத் தேர்வுக்கு முந்தைய மாதம். செயல்: புத்தகப்பையை வாங்கி வைத்தல், பேருந்து அட்டையை எடுத்துக்கொள்ளுதல், வெளியே விடாதிருத்தல். செயப்படுபொருள்: அவள். செய்தவர்: அண்ணன், அப்பா, அந்தப் பையன் வேறு சாதி என்பதால் பேசத் தொடங்கிய உறவுக்காரர்கள், சான்றிதழில் கையெழுத்துப் போட்ட கல்லூரி. அந்தப் பட்டியலின் கடைசியில் நான்.

இவ்வளவும் “சொந்தக் காரணம்” என்ற இரண்டு சொல்லுக்குள் போய்விட்டது. யாருக்குச் சொந்தமான காரணம் அது?

*

“தமிழ்நாட்டில் பெண்கள் படிக்கவில்லையா என்ன?” என்று உடன் பணியாற்றும் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. உயர்கல்வி பற்றிய அகில இந்திய ஆய்வு 2021–22இன்படி நாட்டின் ஒட்டுமொத்தச் சேர்க்கை விகிதம் 28.4. தமிழ்நாட்டில் அது 47. பெண்கள் ஆண்களுக்குச் சற்றும் பின்தங்கவில்லை. பள்ளியின் மேல்வகுப்புகளில் இடைநிற்றல் ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். “இனி ஆண் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்” என்ற குரல் கல்வி விவாதங்களில் இப்போது அடிக்கடி கேட்கிறது.

ஆண் பிள்ளைகளைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பதினைந்து வயதில் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பையனையும் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். அவனுக்கும் பிறவினைதான் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டி, எது பெரியது என்று பார்ப்பதில் ஒரு பிழை இருக்கிறது. பையன் பெரும்பாலும் சம்பாதிப்பதற்காக நிறுத்தப்படுகிறான். பெண் பெரும்பாலும் காப்பாற்றி வைப்பதற்காக நிறுத்தப்படுகிறாள். காப்பாற்றப்படுவது அவளல்ல, சாதியின் எல்லை. 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரும் கௌசல்யாவும் ஒரே பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். அந்தச் செய்தியை எங்கள் பக்கத்து ஊர்களில் பலர் சாதிக்கு எதிரான பாடமாகப் படிக்கவில்லை, “பொண்ணை காலேஜுக்கு அனுப்பினா இப்படித்தான்” என்ற பாடமாகப் படித்தார்கள். திண்ணையில் அதைச் சொன்ன குரலை நானே கேட்டிருக்கிறேன்.

தலித் பெண்களின் கதையில் இன்னோர் அடுக்கு உண்டு. மராட்டியத்துத் தலித் பெண்களின் கல்வி பற்றி வரலாற்றாசிரியர் ஷைலஜா பைக் 2014இல் எழுதிய நூல் ‘இரட்டைப் பாகுபாடு’ என்பதைத் துணைத்தலைப்பாகவே கொண்டது. வகுப்பறையில் சாதி, வீட்டிலும் தெருவிலும் ஆணாதிக்கம் என்று தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் சேர்ந்தே அந்தப் பெண்களை எதிர்கொண்டன என்பதை அவர் வாய்மொழி வரலாறுகளின் வழியே எழுதினார். அவருடைய முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் படிவத்தின் பத்திகளை நம்பவில்லை. பெண்களிடம் போய் உட்கார்ந்து கேட்டார்.

*

அரசின் சொற்களும் மாறுகின்றன. 1989இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு 5,000 ரூபாய் கொடுத்தது. திருமணத்திற்குப் பணம் வேண்டுமானால் பெண்ணைப் படிக்கவை என்ற ஏற்பாடு அது. பல வீடுகளில் அது வேலையும் செய்தது. 2011இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு 25,000 ரூபாய், பட்டம், பட்டயம் பெற்றவர்களுக்கு 50,000 ரூபாய், அதனோடு தாலிக்கு நான்கு கிராம் தங்கம் என்று வளர்ந்தது. 2016இல் தங்கம் எட்டு கிராமானது. பட்டத்திற்கு ஒரு விலை கிடைத்தது. அதை வாங்கும் இடம் மணமேடையாக இருந்தது. பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடியவர், 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதியவர் ராமாமிர்தம் அம்மையார். அவருக்கும் அவர் கூடப் போராடியவர்களுக்கும் திருமணம் ஓர் உரிமைக் கோரிக்கை என்பதை மறக்கவில்லை. ஆனாலும் பெண் கல்வியின் பயனிலை ‘மணந்தாள்’ என்பதாகவே அந்தத் திட்டத்தின் வாக்கியம் முடிந்தது.

2022 செப்டம்பர் 5 அன்று அதே பெயரில் அந்தத் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமானது. ‘புதுமைப் பெண்’ என்று நாம் அறிவது அதுதான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய், அவர்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கில் வருகிறது. 2024 டிசம்பர் இறுதியில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது விரிந்தது. இந்த மாற்றத்தைச் சிறியது என்று சொல்ல மாட்டேன். என் வகுப்பில் ஒரு பெண் அந்தப் பணத்தில் முதன்முதலாகத் தனக்கென்று ஓர் அகராதி வாங்கினாள். வாக்கியத்தின் பயனிலை ‘மணந்தாள்’ என்பதிலிருந்து ‘படித்தாள்’ என்று மாறியிருக்கிறது.

ஆனால் அந்தத் திட்டம் ஆறில் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது: கருவி. நிறுத்துவதற்குப் பணமின்மை கருவியாக இருந்த வீடுகளில் அது உதவும். படம் கருவியாக இருந்த வீட்டில் 1,000 ரூபாய் என்ன செய்யும்? நேரம் கருவியாக இருந்த வீட்டில்? 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி இந்தியாவில் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஆண் 88 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள். என் முதல் பாடவேளைக்குத் தாமதமாக வரும் மாணவிகள் அந்தக் கணக்கைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். நாங்கள் அதற்கு ‘வருகைக் குறைவு’ என்று பெயர் வைத்துத் தண்டத்தொகை வாங்குகிறோம். நிறுத்துவதில் கல்லூரியின் கை என்று நான் சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

*

இந்த வாதத்தை இங்கேயே முடித்துவிட்டால் எளிது. ஆனால் என் அம்மா குறுக்கே நிற்கிறார்.

அம்மா எட்டாவது வரை படித்தவர். “நான் எட்டாவதோட நின்னுட்டேன்” என்றுதான் எப்போதும் சொல்வார். வயதுக்கு வந்த மறுவாரம் தாத்தா அவருடைய புத்தகப்பையை எடுத்துப் பரண்மேல் போட்டார் என்பது பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரைக்கான குறிப்புகளோடு அம்மாவிடம் போய், “நீங்க நிக்கலைம்மா, தாத்தாதானே நிறுத்தினாரு?” என்று கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: “எங்கப்பாவ எதுக்கு இழுக்கற? நான்தான் நின்னேன். நின்னதாலதான் உன்ன நிக்க விடல.”

நான் பதில் பேசவில்லை. அந்தத் தன்வினை அப்பாவைக் காப்பாற்றும் பொய் மட்டுமல்ல என்று அப்போதுதான் புரிந்தது. தன் வாழ்க்கை வாக்கியத்தில் தானே எழுவாயாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இருந்தது. “நிறுத்தப்பட்டவள்” என்று நான் அவருக்குப் பெயர் வைத்தால் அவரைச் செயப்படுபொருளாக்கிவிடுகிறேன். பெண்ணிய ஆய்வுகளுக்குள் நடக்கும் நீண்ட விவாதமும் இதுதான். பெண்ணின் தேர்வைப் பேசினால் கட்டமைப்பு மறைகிறது. கட்டமைப்பை மட்டும் பேசினால் பெண் மறைகிறாள். உண்மையாகவே தேர்ந்து போனவர்களும் உண்டு. என் மாணவி ஒருத்தி முதல் பருவத்திலேயே, “எனக்குத் தமிழ் ஒட்டலம்மா” என்று சொல்லி டி.சி. வாங்கிக்கொண்டு செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். அவள் பெயரும் அதே ‘இடைநின்றோர்’ பத்தியில்தான் இருக்கிறது.

ஆகவே ‘இடைநிற்றல்’ என்பதை எடுத்துவிட்டு ‘இடைநிறுத்தப்படுதல்’ என்று போட்டால் வேலை முடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. செயப்பாட்டுவினைக்கும் ஒரு தந்திரம் உண்டு. “நிறுத்தப்பட்டாள்” என்ற வாக்கியத்தில் ‘யாரால்’ என்பதை விட்டுவிட்டாலும் வாக்கியம் முழுமையாகவே தோன்றும். “ஆணை பிறப்பிக்கப்பட்டது”, “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று அலுவலகத் தமிழ் அந்தத் தந்திரத்தில்தான் வாழ்கிறது. எழுவாய் தோன்றாமல் இருக்கலாம் என்று இலக்கணம் அனுமதிக்கிறது. தோன்றா எழுவாயைக் கண்டுபிடிக்கவும் அதே இலக்கணம்தான் கற்றுக்கொடுக்கிறது: வினையைப் பார்த்து, “யார்?” என்று கேள்.

எனக்கு வேண்டியது சிறிய மாற்றங்கள். காரணப் பத்தியை அப்பாவிடம் அல்ல, மாணவியிடம் கேட்டு நிரப்ப வேண்டும். வீட்டார் உடன் இல்லாத அறையில் கேட்க வேண்டும். அவள் சொல்லும் வாக்கியத்தைச் சுருக்காமல் எழுத வேண்டும். அவள் “நின்னுக்கறேன்” என்றால் அதையும் எழுத வேண்டும், அருகிலேயே நமக்குத் தெரிந்ததையும் எழுத வேண்டும். எழுதுவது அவளுக்கு ஆபத்தாகும் இடத்தில் எழுதாமல், ஆனால் மறக்காமல் இருக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழைக் கேட்ட அன்றே கொடுக்காமல், திரும்பி வர ஒரு பருவமாவது இடம் வைத்திருக்க வேண்டும். கல்வியியல் படிக்கும் மாணவிகளுக்கு என் வேண்டுகோள்: உங்கள் வினாப் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் போடுமுன் அந்த ஆறு கேள்விகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அறிக்கையை இணையத்தில் ஏற்றும்போது ‘காரணம்’ என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க ஐந்தே விடைகள் இருந்தன. நான் நினைத்தது எதுவும் அதில் இல்லை. “சொந்தக் காரணம்” என்பதையே மறுபடி அழுத்த வேண்டியிருந்தது. கையெழுத்துப் பதிவேட்டில் மட்டும் பழைய பதிவுக்குப் பக்கத்தில் நாளிட்டு எழுதினேன்: “வீட்டார் நிறுத்தினர். நான் அறிவேன். கேட்டேன்; மேலும் கேட்கவில்லை.”

இந்தப் பருவம் முதலாண்டு வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தினேன். உருண்டாள், உருட்டினாள் என்ற வழக்கமான எடுத்துக்காட்டை விட்டுவிட்டுக் கரும்பலகையில் ‘நின்றாள்’ என்று எழுதி, “இதற்குப் பிறவினை சொல்லுங்கள்” என்றேன். “நிறுத்தினான்” என்றாள் முன்வரிசைப் பெண். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, “அம்மா, ‘நிறுத்தினார்கள்’னு பலர்பாலில் வரலாமா?” என்றாள்.

வரலாம் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.